கீழ்ப்படிதலும் மேற்படியும்

நண்பர் ஒருவர், உளவியல் ஆசிரியர், 38 பக்கத்துக்கு ஒரு ஆய்வு வரைவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மில்கிராம் பரிசோதனையை நம் கரிசல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மறுபடி நடத்திப் பார்ப்பது திட்டம். வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், பாங்கு குமாஸ்தா, பத்திரிகைகளில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பவன். ஆகவே தமிழாக்கும் வேலை என் தலையில். மூன்று வாரமாக வைத்திருக்கிறேன். ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. காரணத்தை வாயால் சொல்லப் போய் இரண்டு தடவை டீக்கடையில் சண்டையானது. ஆகவே எழுதுகிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டாம், கவனித்தால் போதும்.

மில்கிராம் விஷயம் அநேகருக்குத் தெரிந்ததுதான். 1961. ஜெருசலேமில் ஐக்மன் விசாரணை நடந்துகொண்டிருந்த வருஷம். உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன் என்று கூண்டிலிருந்து ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். வந்து போவதற்கு 4 டாலர், பஸ் செலவுக்கு 50 சென்ட். ஞாபகசக்தியைப் பற்றிய ஆய்வு என்று பொய் சொல்லப்பட்டது. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு விசையை அழுத்த வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 விசைகள். பக்கத்து அறைக்காரர் நடிகர். மின்சாரம் எதுவும் போகவில்லை. 1963இல் வெளியான முதல் கட்டுரையின்படி 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். நூற்றுக்கு 65. இந்த 65 அன்றிலிருந்து ஒரு மந்திரம் மாதிரி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனித மனத்தின் இருட்டைப் பற்றி எழுத உட்காருகிற ஒவ்வொருவரும் இந்த எண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மீதி 14 பேர் யார், எதனால் எழுந்து போனார்கள் என்று கேட்பவர் குறைவு.

நண்பரின் வரைவில் 26ஐ 36 ஆக்கிக் காட்டும் ஆசை தெரிகிறது. நம்முடையது பணிவின் கலாச்சாரம், தகப்பனுக்கும் குருவுக்கும் அடங்கும் மரபு, எனவே நூற்றுக்குத் தொண்ணூறு எதிர்பார்க்கலாம் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு இருக்கிறது. பரிசோதிக்கப்படுகிறவர்கள் இரண்டாம் வருஷ மாணவர்கள். கோட்டு போட்டு நிற்பது அதே கல்லூரி ஆசிரியர்.

முதலில் இந்தக் கோட்டைப் பற்றி. மில்கிராமின் ஆளுக்குச் சாம்பல் நிறக் கோட்டு தேவைப்பட்டது. ஏனென்றால் அவருக்கு வேறு எந்த அதிகாரமும் இல்லை. வந்தவர் வழியில் போகிறவர். பணம் வந்ததற்கே, நடுவில் எழுந்து போனாலும் உங்களுடையது என்று முன்பே சொல்லப்பட்டது. நம் மாணவனுக்கு என்ன சொல்லப்போகிறோம்? அவனுடைய வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், ஸ்காலர்ஷிப் படிவத்தில் கையெழுத்து, ஹால் டிக்கெட் எல்லாம் கோட்டு போட்டவர் கை வழியாகத்தான் போகின்றன. எட்டையபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் அப்பால் ஏதோ ஒரு ஊரிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வருகிறவன், வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். அவன் விசையை அழுத்தினால் அது அவன் மனசாட்சியின் அளவு அல்ல. அவன் தகப்பனின் கடன் அளவு. சார்ந்து நிற்பவர்களிடம், குறிப்பாக மாணவர்களிடமும் ஊழியர்களிடமும், சம்மதம் வாங்கும்போது விசேஷ கவனம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையே சொல்கிறது. வரைவில் இதற்கு ஒரு வரி உண்டு: மாணவர்களின் சம்மதம் துறைத்தலைவர் மூலம் பெறப்படும். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, மொழி. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கை ஓடவில்லை. தயங்குகிறவரிடம் சொல்ல மில்கிராம் நான்கு வாக்கியங்களை வரிசையாக வைத்திருந்தார். முதலாவது, தயவுசெய்து தொடரும்படி. இரண்டாவது, பரிசோதனை அதைக் கோருகிறது என்று. மூன்றாவது, தொடர்வது மிக அவசியம் என்று. நான்காவது, உமக்கு வேறு வழியில்லை என்று. 2009இல் ஜெர்ரி பர்கர் வெளியிட்ட மறுபரிசோதனையில் இந்த நாலாவது வாக்கியத்தைக் கேட்டபின் ஒருவரும் தொடரவில்லை. கடைசியில் நேரடி உத்தரவு என்று வந்தபோது ஆள் முறைத்துக்கொள்கிறான். பரிசோதனை கோருகிறது என்றால் போகிறான். உத்தரவிட ஆள் இல்லாத வாக்கியத்துக்குத்தான் பலம் அதிகம். இதைத் தமிழாக்க நான் சிரமப்பட வேண்டியதே இல்லை. நம் ஆபீஸ் தமிழ் முழுக்க அந்த வாக்கியம்தான். கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். அறிவுறுத்தப்படுகிறது. நடவடிக்கை எடுக்கப்படும். யார் கேட்டது, யார் எடுப்பது? அந்தப் 'படு' என்ற துணைவினைக்குள் ஒரு சர்க்காரே உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கும் பணிவுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாம்: பணி. ஆனால் இதை வைத்து நம் ரத்தத்திலேயே அடக்கம் ஊறியிருக்கிறது என்று நண்பர் முடிவு கட்டினால் நான் ஒப்பமாட்டேன்.

ஒப்பாததற்கு ஆதாரமும் உண்டு. பல தேசங்களில் நடந்த இம்மாதிரிப் பரிசோதனைகளைத் தாமஸ் பிளாஸ் பட்டியலிட்டிருக்கிறார். அதில் 1983இல் குப்தா இந்தியாவில் நடத்தியதன் விகிதம் 42.5. இத்தாலியில் 85. அமெரிக்க ஆய்வுகளின் சராசரி ஏறக்குறைய 61. இந்த எண்களையும் நான் பூஜை செய்யச் சொல்லவில்லை. தேச குணம் என்ற பேச்சு எவ்வளவு ஓட்டை என்பதற்காகச் சொல்கிறேன்.

மரபு என்று எடுத்துவிட்டால் சிலப்பதிகாரத்தையும் ஒழுங்காகப் படிக்க வேண்டும். கொலைக்களக் காதையில் பாண்டியன் உத்தரவு கொடுத்துவிட்டான். காவலர்கள் போகிறார்கள். கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் கொலைபடத்தக்கவன் அல்ல என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் அவர்களோடு வாதாட வேண்டியிருக்கிறது. கள்வர்களின் சாமர்த்தியங்களை ஒரு பாடம் மாதிரி விரிக்க வேண்டியிருக்கிறது. வெட்டியது ஒரே ஒருவன், அதுவும் குடிகாரன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாம் அரசனைப் பேசுகிறோம், கண்ணகியைப் பேசுகிறோம், மதுரை எரிந்ததைப் பேசுகிறோம். சந்தேகப்பட்டும் ஒதுங்கி நின்ற அந்தக் காவலர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள் என்று நம் விமர்சனம் கேட்டதில்லை. இளங்கோவடிகள் இடம் விட்டுவைத்திருக்கிறார்; நாம்தான் நுழையவில்லை.

மில்கிராமும் அந்த இடத்தைத் தொட்டார். ஆனால் அது பிரபலமாகவில்லை. 1974இல் வந்த அவருடைய புத்தகத்தில் பல மாற்றுச் சோதனைகள் உண்டு. ஒன்றில், விசையை அழுத்துவது வேறு ஒருவர். பரிசோதிக்கப்படுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் சில்லறை வேலை மட்டும். அதில் 40 பேரில் 37 பேர் கடைசிவரை இருந்தார்கள். என் கணக்கில் மில்கிராம் கண்டுபிடித்தது 26 இல்லை, இந்த 37. நண்பரின் 38 பக்கத்தில் இந்த எண் ஒரு இடத்திலும் வரவில்லை. அவருக்கு விசை வேண்டும், அலறல் வேண்டும், நாடகம் வேண்டும். எனக்கு அந்தச் சில்லறை வேலைக்காரர் வேண்டும். ஏனென்றால் அது நான்.

நம் ஊருக்கு வருவோம். நாம் இருக்கிற இடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தூரத்துக்குள் இந்த ஆய்வு ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. கட்டடம்கூட அப்படியே இருக்கிறது.

2020 ஜூன் 19, ஊரடங்கு காலம். சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று ஜெயராஜைப் போலீஸ் கொண்டுபோனது. தகப்பனைத் தேடி மகன் பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அன்றிரவு அங்கே நடந்ததை நாடே பேசிவிட்டது. நான் மறுபடி விவரிக்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது மறுநாள் பகல். ஜூன் 20. அடிபட்ட இருவரும் முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலை என்று சான்று கிடைத்தது. உடுத்தியிருந்த லுங்கிகள் ரத்தத்தில் ஊறியதால் மாற்ற வேண்டியிருந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். பிறகு நீதித்துறை நடுவர். கிட்ட வரவழைத்துப் பார்க்காமலே அனுப்பினார் என்று பத்திரிகைகளில் வந்தது. எப்படியானாலும் ரிமாண்டு உத்தரவு கிடைத்தது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து கோவில்பட்டிக் கிளைச்சிறை. 22ஆம் தேதி இரவு பென்னிக்ஸ் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார். 23 விடியலில் ஜெயராஜ்.

அடித்தவர்கள் மேல் வழக்கு நடந்தது. குற்றப்பத்திரிகையில் வந்தவர்கள் அனைவரும் காவல் துறையினர். சட்டத்துக்கு அங்கே ஒரு எல்லை இருக்கிறது. நான் சட்டத்தோடு வாதாடவில்லை. கையெழுத்திட்டவர்களைக் குற்றவாளி என்றும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது உளவியல் ஆசிரியரிடம். லத்தி எடுத்த கையைப் பற்றிக் கேட்க உங்களிடம் அதிகம் இல்லை ஐயா. அதற்கு ஆத்திரம், சாராயம், ஜாதி, தண்டனை வராது என்ற தைரியம் என்று தெருவில் போகிறவனே பதில் சொல்வான். பேனா எடுத்த கையைப் பற்றிச் சொல்லுங்கள்.

அந்த மேஜைகள் எதற்குப் போடப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். கைது செய்தவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுவர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. கைதானவனுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மேஜைகள் ஆமாம் சொல்வதற்காகப் போட்டவை அல்ல. இல்லை என்று சொல்லும் வசதிக்காகவே சர்க்கார் சம்பளம் கொடுத்து உட்காரவைத்த இடங்கள். டாக்டர் சப்-இன்ஸ்பெக்டருக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லை. நடுவர் போலீசுக்கு மேலே இருப்பவர். பின் யாருக்கு யார் கீழ்ப்படிந்தது? மில்கிராமின் படத்தில் உத்தரவு மேலிருந்து கீழே இறங்குகிறது. சாத்தான்குளத்தில் காகிதம் கீழிருந்து மேலே ஏறியது, ஏறிய இடமெல்லாம் மேஜைகள் வணங்கின. இதற்குக் கீழ்ப்படிதல் என்ற சொல்லே பொருந்தவில்லை. எங்கள் ஆபீசில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: மேற்படி. முந்தின வரிசையில் என்ன எழுதியிருக்கிறதோ அதே. காரணம்: மேற்படி. விலாசம்: மேற்படி. உடல்நிலை: மேற்படி. நண்பர் தன் ஆய்வுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்டேஷனிலிருந்த கேமராவும் மேற்படி இனம்தான். அன்றன்றைய படம் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. சேமிக்க வேண்டிய இடம் இருந்தும். விசாரணைக்குப் போன நடுவரின் அறிக்கையில் இது இருக்கிறது.

இந்த இடத்தில் நம் கவிஞர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஜூன், ஜூலையில் என் கண்ணில் பட்ட கவிதைகள் ஒரு கட்டு இருக்கும். லத்தி வந்தது, ரத்தம் வந்தது, ஏசு வந்தார், கழுமரம் வந்தது. சான்றிதழ் வரவில்லை. ரப்பர் ஸ்டாம்பு வரவில்லை. நவீன கவிதைக்குக் காகிதத்தின் கொடூரம் புரியாது என்றால் அது எந்த அர்த்தத்தில் நவீனம்? பத்து வருஷமாக மனித இருப்பின் அபத்தத்தைப் பற்றி எழுதுகிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்க்கிறார். ஆபீசை எல்லாம் கவிதையில் கொண்டுவர முடியுமா என்றார்.

சரி, என் ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். மானாவாரி இரண்டு போகம் தவறியிருந்தது. உளுந்தும் பாசியும் பூவோடு காய்ந்தன. நகைக் கடன் தவணை கடந்தவர்கள் பட்டியல் நீண்டது. ஏல நோட்டீஸ் அச்சடித்து, உறையில் போட்டு, ஒப்புகை அட்டை ஒட்டி, பதிவேட்டில் இனிஷியல் போடுவது என் வேலை. சில்லறை வேலை. பட்டியலில் ஒரு பாட்டி. புருஷன் செத்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு ஊர் தள்ளி மகள் வீட்டில் இருந்தாள். எனக்கு அது தெரியும். போன தடவை வட்டி கட்ட வந்தபோது என் கவுண்டரில் நின்றுதான் சொன்னாள். பதிவேட்டில் பழைய விலாசம். பழைய விலாசத்துக்கே அனுப்பினேன். கதவு பூட்டியிருப்பதாக எழுதி உறை திரும்பி வந்தது. கோப்பில் வைத்து நூல் கட்டினேன். ஏலம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மகள் கொடுத்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"தம்பி, கடுதாசி போட்டதாச் சொல்லுதாக. எந்த வீட்டுக்குப் போட்டீக?"

"பழைய விலாசத்துக்குத்தான் பாட்டி. கம்ப்யூட்டர்ல அதுதான் இருக்கு."

"மக வீட்ல இருக்கேன்னு ஒங்ககிட்டத்தான சொன்னேன்."

"எழுதிக் குடுக்கணும் பாட்டி."

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

அவள் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள்.

மில்கிராமுக்கு நான்கு வாக்கியம் வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. மேலதிகாரி என்னை வற்புறுத்தவில்லை, தெரிந்த விலாசத்தை எழுதாதே என்று யாரும் தடுக்கவில்லை. உறையில் பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். என்னை எந்தப் பரிசோதனைச்சாலையில் உட்காரவைத்து எந்த அலறலைக் கேட்கவைத்தாலும் நான் 150 வோல்ட்டிலேயே எழுந்து போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நல்லவன் என்று சான்றிதழும் வாங்கியிருப்பேன். நண்பரின் கருவியில் நான் அகப்படவே மாட்டேன். அதுதான் என் குற்றச்சாட்டு.

அகப்படாத இன்னொன்று, மறுப்பு. சாத்தான்குளம் விஷயத்தில் மறுத்தவர் ஒருவர் உண்டு. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர். விடிய விடிய அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் ரத்தம் இருந்தது என்று விசாரணைக்கு வந்த கோவில்பட்டி நடுவரிடம் சொன்னார். சொன்னதில் கையெழுத்திடப் பயந்தார். பாதுகாப்புக்கு உறுதி சொன்னபிறகே இட்டார். அந்த நடுவரையே அங்கிருந்த போலீஸ்காரர் ஒருவர் மரியாதையில்லாமல் பேசிய இடம் அது. அவரை வீராங்கனையாக்கி ஒரு கட்டுரை எழுதுவது சுலபம். நான் கேட்பது வேறு. 19ஆம் தேதி இரவு சொல்லமுடியாதது அந்த விசாரணையில் எப்படிச் சொல்லமுடிந்தது? நடுவில் ஒன்று மாறியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்திருந்தது. அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. அவர் பின்னால் சாய்ந்துகொள்ள இன்னொரு அதிகாரம் வந்து நின்றது. மில்கிராமிடம் இதற்கும் ஒரு சோதனை உண்டு: கோட்டு போட்ட இருவர் ஒருவருக்கொருவர் முரணாக உத்தரவிட்டபோது, 20 பேரில் ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் மறுத்து எழுந்தபோது, 40இல் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். மனசாட்சி என்பது நெஞ்சுக்குள் தனியாக எரிகிற விளக்கு என்று நம் சிறுகதைகள் ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகின்றன. அதற்கு ஒரு பெஞ்சும் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டியிருக்கிறது என்று இந்த எண்கள் சொல்கின்றன. காவலர்களில் இரண்டாவது ஒருவன் கோவலன் முன்னால் வந்து நின்றிருந்தால் குடிகாரன் கை என்னாகியிருக்கும்?

குறை சொல்கிறவன் மாற்று சொல்ல வேண்டும் என்பார் நண்பர். சொல்கிறேன். கோட்டும் வேண்டாம், விசையும் வேண்டாம், மாணவர்களை விட்டுவிடுங்கள். முடிந்துபோன கோப்புகளை எடுங்கள். தாலுகா ஆபீசில் முதியோர் பென்ஷன் நிறுத்திய கோப்பு, பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்து அனுப்பிய கோப்பு, பாங்கில் ஏலக் கோப்பு. காகிதம் எத்தனை மேஜை கடந்தது என்று வரையுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் இருந்தவரைத் தேடிப்போய், முழு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்கி, மூன்றே கேள்வி கேளுங்கள். காகிதத்தில் இல்லாத எதை நீங்கள் அறிந்திருந்தீர்கள்? அதை எழுத இடம் இருந்ததா? எழுதியிருந்தால் யார் உங்களோடு நின்றிருப்பார்? எங்காவது ஒரு மேஜையில் காகிதம் நின்றிருந்தால், அங்கே ஒரு வாரம் தங்குங்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஆய்வு இது. ஆட்கள் வாய் திறப்பார்களா என்று கேட்பார். பாதிப் பேர் திறக்கமாட்டார்கள். அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

வரைவை வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கப்போகிறேன். மூன்று கேள்விகளையும் அதன் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதி, முதல் ஆளாக என் பெயரைப் போட்டிருக்கிறேன். திரும்பி வந்த உறை இருக்கிற கோப்பின் எண் எனக்கு மனப்பாடம்.